கத்ரினா புயலில் யார் மேல் தவறு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கிய கத்ரினா புயலைப் பற்றிப் பேச்சு வந்தாலே அரைமணி நேரத்தில் அது அரசியல் சண்டையாகிவிடும். மேயர் தூங்கினார், கவர்னர் அழுதார், ஜனாதிபதி விமானத்தில் இருந்து எட்டிப் பார்த்தார் என்று ஆளாளுக்கு ஒரு குற்றவாளி. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததையும் என் கருத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கருத்து எது, நடந்தது எது என்று படிக்கும்போதே தெரியும்.

என்னதான் நடந்தது, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ வளைகுடாவில் ஐந்தாம் வகைப் புயலாக (அதுதான் உச்ச வகை) இருந்த கத்ரினா, திங்கள் காலையில் மூன்றாம் வகையாகக் குறைந்து லூசியானாவின் பியூராஸ் அருகே கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் புயல் நேராக மோதவில்லை. அன்று மதியம் டிவி பார்த்தவர்கள் பலர் நகரம் தப்பித்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அதற்குள் கால்வாய் ஓரத் தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் உடைந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது. வெளியேறாமல், அல்லது வெளியேற வழியில்லாமல் இருந்த மக்கள் சூப்பர்டோம் விளையாட்டரங்கத்திலும் மாநாட்டு மையத்திலும் வீட்டுக் கூரைகளிலும் நாள்கணக்கில் தவித்தார்கள். 125 பில்லியன் டாலர் சேதம். இறந்தவர்கள் 1,833 என்று நெடுநாள் சொல்லப்பட்டது, தேசியப் புயல் மையம் 2023இல் மறுபடி ஆராய்ந்து 1,392 என்று திருத்தியது.

பெயர்கள் குழப்புகின்றன. யார் யார் இவர்கள்?

மேயர் ரே நேகின், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு. கவர்னர் கேத்லீன் பிளாங்கோ, லூசியானா மாநிலத்துக்கு (அங்கே கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி). இருவரும் ஜனநாயகக் கட்சி. ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், குடியரசுக் கட்சி. அவருக்குக் கீழே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மைக்கேல் செர்டாஃப், அந்தத் துறைக்குள் அடங்கிய பேரிடர் நிறுவனம் ஃபீமா, அதன் தலைவர் மைக்கேல் பிரவுன். நகரமும் மாநிலமும் ஒரு கட்சி, வாஷிங்டன் இன்னொரு கட்சி என்பதால் பழியைத் தள்ளிவிட எல்லோருக்கும் வசதியாகப் போனது.

முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா?

தெரியும். நன்றாகவே தெரியும். புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் சனிக்கிழமை இரவு கவர்னரையும் மேயரையும் தானே போனில் கூப்பிட்டு எச்சரித்தார். ஞாயிறு காலை, நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்லைடெல் வானிலை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான பகுதிகள் பல வாரங்களுக்கு மனிதர் வாழ முடியாதபடி ஆகிவிடும் என்று அச்சமூட்டும் அளவுக்கு வெளிப்படையாகச் சொன்னது. அன்றே நடந்த காணொளிக் கூட்டத்தில் புஷ்ஷும் தன் பண்ணை வீட்டில் இருந்தபடி கலந்துகொண்டார்.

இதைவிட முக்கியமானது, ஒரு வருடம் முன்பே இதற்கு ஒத்திகை பார்த்திருந்தார்கள். 2004 ஜூலையில் 'ஹரிகேன் பாம்' என்ற கற்பனைப் புயலை வைத்து ஃபீமாவும் லூசியானா அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். மூன்றாம் வகைப் புயல், நகரத்துக்குள் வெள்ளம், 60,000 சாவுகள் வரை போகலாம் என்பது அந்தக் கணக்கு. கையில் கார் இல்லாத மக்களை எப்படி வெளியேற்றுவது என்ற பகுதியைத்தான் முடிக்காமல் வைத்திருந்தார்கள். நிஜத்தில் சிக்கிக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

மேயர் நேகின் மேல் உள்ள குற்றச்சாட்டு நியாயமானதா?

பெருமளவுக்கு நியாயமானதுதான். சனிக்கிழமையே கட்டாய வெளியேற்ற உத்தரவு போட்டிருக்க வேண்டும். அவர் ஞாயிறு காலையில்தான் போட்டார், புயல் கரையைத் தொட 24 மணி நேரம்கூட இல்லாதபோது. ஹோட்டல்களையும் வியாபாரத்தையும் மூடச் சொன்னால் நகராட்சி நஷ்டஈடு தர நேருமோ என்று வக்கீல்களிடம் ஆலோசித்துக்கொண்டிருந்ததாக அப்போதே செய்தி வந்தது.

அப்புறம் அந்தப் பேருந்துப் படம். வரிசையாக நிறுத்தி வைத்த மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் ஜன்னல் வரை தண்ணீரில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நகரத்தின் சொந்தத் திட்டத்திலேயே பேருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று இருந்தது. ஓட்டுநர்கள் இல்லை என்பது நகராட்சியின் பதில். சரி, ஓட்டுநரை ஏற்பாடு செய்வதும் திட்டத்தின் ஒரு பகுதிதானே? நகரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தக் கார் கிடையாது. மாதக் கடைசி வேறு, பலர் கையில் பெட்ரோலுக்கும் தங்கும் இடத்துக்கும் கொடுக்கக் காசில்லை. இவர்களைப் பார்த்து "ஏன் கிளம்பவில்லை" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருநகரப் பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பத்து லட்சம் பேருக்கு மேல் புயலுக்கு முன் வெளியேறினார்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கத்தையும் வெளியே போகும் பாதையாக மாற்றிய ஏற்பாட்டை மாநிலம் சனிக்கிழமை மாலையே தொடங்கி நன்றாக நடத்தியது. காருள்ளவர்களுக்கான திட்டம் வேலை செய்தது.

கவர்னர் பிளாங்கோ அவசரநிலையே அறிவிக்கவில்லையாமே?

பொய். ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமையே அறிவித்துவிட்டார். மறுநாள் மத்திய அரசின் அவசரநிலை அறிவிப்பைக் கேட்டு எழுதினார், புஷ் அன்றே ஒப்புக்கொண்டார். பிறகு எப்படி இந்தக் கதை பரவியது என்றால், செப்டம்பர் 4ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட், பெயர் சொல்லாத ஒரு மூத்த அதிகாரியின் பேச்சை நம்பி, கவர்னர் இன்னும் அவசரநிலை அறிவிக்கவில்லை என்று அச்சிட்டது. பிறகு திருத்தம் போட்டார்கள். திருத்தத்தை யார் படித்தார்கள்? அந்தப் பொய்யை இன்றும் உண்மை என்று நம்பிப் பேசுகிறவர்கள் உண்டு. நகரத்தில் பிணங்களை இன்னும் எடுத்து முடிக்காத நேரத்தில், ஒரு அதிகாரி உட்கார்ந்து பத்திரிகைக்காரருக்கு இப்படி ஒரு பொய்த் தகவலைக் கொடுத்திருக்கிறார். இந்த விவகாரத்தில் என்னால் மன்னிக்க முடியாத சில செயல்களில் அது ஒன்று.

பிளாங்கோ மேல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. என்னென்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகக் கேட்காமல், "உங்களிடம் உள்ளது எல்லாம் வேண்டும்" என்ற தோரணையில் கேட்டார். ஃபீமா அனுப்புவதாகச் சொன்ன 500 பேருந்துகளை நம்பி இரண்டு மூன்று நாள் வீணானது.

ராணுவத்தை அனுப்புவதில் என்ன தகராறு?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நேஷனல் கார்டு என்ற படை உண்டு, அது கவர்னரின் கட்டுப்பாட்டில் இருக்கும். மத்திய ராணுவம் உள்நாட்டில் போலீஸ் வேலை செய்யக்கூடாது என்று 1878ஆம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதற்கு விலக்கான கலவரச் சட்டத்தைப் பயன்படுத்தினால் ஜனாதிபதி இரண்டையும் தன் கையில் எடுக்கலாம். செப்டம்பர் 2, வெள்ளி இரவு, படைகளை மத்தியக் கட்டுப்பாட்டுக்கு விட்டுக்கொடுக்கும்படி வெள்ளை மாளிகை ஒரு கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டது. பிளாங்கோ மறுத்தார். மறுநாள் புஷ் எந்தக் கையெழுத்தும் இல்லாமலே 7,000க்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களை அனுப்ப உத்தரவிட்டார்.

கையெழுத்து இல்லாமல் சனிக்கிழமை அனுப்ப முடிந்தது செவ்வாய்க்கிழமை ஏன் முடியவில்லை? இதற்கு இதுவரை யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொன்னதில்லை. கவர்னர் கட்டுப்பாட்டை விடாததற்கும் காரணம் இருந்தது. விட்டுக்கொடுத்தால் எல்லாக் குழப்பமும் மாநிலத்தால் வந்தது, வாஷிங்டன் வந்து சரிசெய்தது என்று கதை கட்டுவார்கள் என அவர் பக்கம் பயந்தார்கள். மக்கள் தண்ணீரில் நிற்கும்போது இரண்டு தரப்பும் நாளைய தலைப்புச் செய்தியைப் பற்றி யோசித்தது. கடைசியில் எல்லா மாநிலங்களில் இருந்தும் சேர்ந்து சுமார் 50,000 நேஷனல் கார்டு வீரர்கள் வந்தார்கள், ஆனால் எல்லோரும் வந்து சேரப் பல நாள் ஆனது. லூசியானாவின் சொந்த வீரர்கள் சுமார் 3,000 பேர் அப்போது ஈராக்கில் இருந்தார்கள்.

ஃபீமா ஏன் அவ்வளவு மோசமாகப் போனது?

1990களில் ஃபீமாவுக்கு நல்ல பெயர் இருந்தது. தலைவர் நேரடியாக ஜனாதிபதியிடம் பேசுவார். 2001 தாக்குதலுக்குப் பிறகு, 2003இல், அதைக் கொண்டுபோய்ப் புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் போட்டார்கள். பணமும் கவனமும் பயங்கரவாதத்துக்குப் போனது, அனுபவசாலிகள் பலர் விலகினார்கள். தலைமையில் பிரவுன். ஃபீமாவுக்கு வருவதற்கு முன் அவர் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் வேலை பார்த்தவர். முந்தைய தலைவரின் நண்பர் என்ற வகையில் சட்ட ஆலோசகராக உள்ளே வந்து மேலே போனார்.

புயல் அடித்த நாளில் நகரத்துக்குள் இருந்த ஃபீமா ஊழியர் ஒரே ஒருவர், மார்ட்டி பஹமாண்ட். அவர் திங்கள் மாலை ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்து, 17ஆம் தெருக் கால்வாய்ச் சுவர் உடைந்திருப்பதையும் நகரம் மூழ்கிக்கொண்டிருப்பதையும் கண்ணால் பார்த்துப் பிரவுனிடமே சொன்னார். பிறகு செனட் விசாரணையில் சாட்சியும் சொன்னார். தகவல் கிடைக்கவில்லை என்று மேலிடம் சொன்னபோதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இவர்தான். செர்டாஃப் மறுநாள் செவ்வாய்க்கிழமை பறவைக் காய்ச்சல் கூட்டத்துக்காக அட்லாண்டா போயிருந்தார். இதைத் தேசிய அளவிலான நிகழ்வாக அறிவித்ததே அன்று இரவுதான்.

வியாழக்கிழமை நிலைமை இன்னும் கேவலம். மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் இல்லாமல் இருப்பதை உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு தகவல் தனக்கு வரவில்லை என்று செர்டாஃப் வானொலியில் சொன்னார், பிரவுனோ அன்றுதான் தெரிந்தது என்றார்.

புஷ் மேல் இருக்கும் கோபம் வெறும் அந்த ஒரு புகைப்படத்தால் வந்ததா?

விமான ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கும் அந்தப் படம் கோபத்தைக் கூட்டியது, உண்மை. திங்கட்கிழமை அரிசோனா, கலிஃபோர்னியா, செவ்வாய்க்கிழமை சான் டியேகோவில் உரை, புதன்கிழமைதான் விடுமுறையை முடித்துக்கொண்டு வாஷிங்டன் திரும்பும் வழியில் மேலிருந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை அலபாமாவில் இறங்கி, பிரவுனின் செல்லப் பெயரைச் சொல்லிப் பிரமாதமாக வேலை செய்கிறாய் என்று காமிராவுக்கு முன் பாராட்டினார். பத்து நாளில் பிரவுன் ராஜினாமா.

செப்டம்பர் 13 அன்று, மத்திய அரசு தன் வேலையைச் சரியாகச் செய்யாத அளவுக்கு நான் பொறுப்பேற்கிறேன் என்று புஷ் சொன்னார். அதை மதிக்கிறேன், நிறையப் பேர் அதுகூடச் சொல்லவில்லை. ஆனால் செப்டம்பர் 1ஆம் தேதி அவர் சொன்ன வேறொன்று இருக்கிறது. கரைகள் உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றார்.

அது உண்மை இல்லையா?

தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே மேஃபீல்ட் கவலை தெரிவித்திருந்தார். 'உடைவது' வேறு, 'வழிவது' வேறு என்று புஷ்ஷின் ஆதரவாளர்கள் பிறகு வாதாடினார்கள். தொழில்நுட்பப்படி வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் கீழே வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு அதனால் என்ன லாபம்?

அப்படியானால் மொத்தத்தில் பெரிய தவறு யாருடையது?

என் பதில்: சுவரைக் கட்டியவர்களுடையது. மற்ற எல்லாச் சண்டையும் சுவர் உடைந்த பிறகான ஒரு வாரத்தைப் பற்றியது. சுவர் நின்றிருந்தால் சூப்பர்டோம் இல்லை, மாநாட்டு மையம் இல்லை, கூரையில் மக்கள் இல்லை.

1965இல் பெட்சி புயல் நகரத்தை மூழ்கடித்த பிறகு, வெள்ளத் தடுப்பு அமைப்பை வடிவமைத்துக் கட்டும் வேலையை அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவப் பொறியாளர் படையிடம் கொடுத்தது. இது மத்திய அரசின் அமைப்பு, மேயருக்கோ கவர்னருக்கோ கீழே இல்லை. நாற்பது வருடம் கழித்தும் வேலை முடியவில்லை, முடிந்த இடங்களிலும் குறை. 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சுவர் சாய்ந்தது. காரணம், அடியில் அடித்திருந்த இரும்புத் தகடுகள் போதிய ஆழம் போகவில்லை. 1980களில் செய்த ஒரு சோதனையின் முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டு, 30 அடிக்கு மேல் போக வேண்டிய தகடுகளை சுமார் 17 அடியோடு நிறுத்தினால் போதும் என்று முடிவெடுத்தார்கள். செலவு மிச்சம். கீழே இருந்தது சதுப்பு மண்ணும் இளகிய களியும் மணலும். தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் மண்ணோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

முதலில் இந்தப் படையும் புயல் எங்கள் வடிவமைப்பின் வரம்பை மீறியது என்றுதான் சொன்னது. வெளியில் இருந்து வந்த பொறியாளர் குழுக்கள் நோண்டிப் பார்த்து ஒத்துக்கொள்ளவில்லை. 2006 ஜூனில் படையின் தலைவர் கார்ல் ஸ்ட்ராக் வடிவமைப்பில் கோளாறு இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒன்பது மாதத்துக்கு மேல் போய்விட்டது, பேருந்துப் படமும் விமானப் படமும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. ஒரு சுவரைப் பற்றி டிவியில் சண்டை போட முடியாது, ஆட்களைப் பற்றிப் போடலாம். எல்லார் மேலும் தப்பு என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகரமும் மாநிலமும் ஃபீமாவும் மக்களைக் காப்பாற்றத் தாமதித்தன. வெள்ளத்தையே உண்டாக்கியது வேறு ஆள்.

உள்ளூர் கரை வாரியங்களுக்குப் பங்கில்லையா?

உண்டு. ஆர்லியன்ஸ் கரை வாரியம் அரசியல் நியமனங்களால் நிரம்பியிருந்தது, பராமரிப்பும் பரிசோதனையும் கடமைக்கு நடந்தது. 2006இல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பகுதி வாரியங்களை இணைத்து, நிபுணர்களை வைக்கும்படி மாற்றினார்கள். வடிவமைப்புக் கோளாறுக்கு மட்டும் அவர்களைச் சொல்ல முடியாது.

கறுப்பின மக்கள் என்பதால்தான் உதவி தாமதமானதா?

நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள், டிவியில் தவித்தவர்களில் இன்னும் அதிகம். செப்டம்பர் 2 நேரலை நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடகர் கான்யே வெஸ்ட், புஷ்ஷுக்குக் கறுப்பர்களைப் பற்றி அக்கறை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது பலரின் மனத்தில் இருந்ததுதான். யாரோ ஒருவர் திட்டமிட்டு நிறத்தைப் பார்த்து நிறுத்தினார் என்பதற்கு விசாரணைகளில் ஆதாரம் வரவில்லை. ஆனால் பயம் நிறத்தைப் பார்த்துத்தான் வந்தது. நகரத்தில் இருந்து பாலத்தில் நடந்தே தப்ப முயன்ற கூட்டத்தைப் பக்கத்து ஊரான கிரெட்னாவின் போலீஸ் துப்பாக்கியோடு நின்று திருப்பி அனுப்பியது. டான்சிகர் பாலத்தில் ஆயுதம் இல்லாத மக்களை நகரப் போலீஸே சுட்டு இருவரைக் கொன்றது, பிறகு அதை மூடி மறைத்தது.

அந்தப் பயத்துக்குத் தீனி போட்டவர்களில் மேயரும் போலீஸ் தலைவர் எடி காம்பஸும் இருந்தார்கள். சூப்பர்டோமுக்குள் குழந்தைகள் மேல் வன்கொடுமை, கொலை என்று தேசியத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். தேடிப் பார்த்தபோது பெரும்பாலானவை வதந்தி. தங்கள் மக்களைத் தாங்களே கொடியவர்களாகக் காட்டியதால், ஆயுதப் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே போக மீட்புக் குழுக்கள் தயங்கின. காம்பஸ் அந்த மாதமே பதவி விலகினார்.

"இது பழி போடும் நேரம் இல்லை" என்றார்களே, அது சரிதானே?

முதல் இரண்டு நாளுக்குச் சரி. ஆனால் வெள்ளை மாளிகை அதைக் கேள்வி கேட்பவர்களை அடக்கத்தான் பயன்படுத்தியது, அதே வாரத்தில் அதிகாரிகள் பெயர் சொல்லாமல் கவர்னரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரும் சுத்தம் இல்லை. சுதந்திர ஆணையம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பிரதிநிதிகள் சபையின் விசாரணையில் பெரும்பாலும் சேரவில்லை. வியப்பு என்னவென்றால், டாம் டேவிஸ் தலைமையில் குடியரசுக் கட்சியினரே நடத்திய அந்த விசாரணை 2006 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை மூன்று அரசுகளையும் விட்டுவைக்கவில்லை. செனட்டில் சூசன் காலின்ஸும் ஜோ லீபர்மனும் சேர்ந்து நடத்திய விசாரணை ஃபீமாவைக் கலைத்துப் புதிதாகக் கட்டச் சொன்னது. கலைக்கவில்லை, 2006இல் ஒரு சட்டம் போட்டு, அது இழந்த அதிகாரங்களில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிசிசிப்பியில் இந்தச் சண்டை ஏன் வரவில்லை?

அங்கே 27 அடிக்கு மேல் கடல் ஏறி வந்து வேவ்லண்ட் போன்ற ஊர்களைத் துடைத்துப் போட்டது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கவர்னர் ஹேலி பார்பர் குடியரசுக் கட்சியின் முன்னாள் தேசியத் தலைவர், வாஷிங்டனில் எல்லாக் கதவும் திறக்கும். முதல் கட்ட வீடு கட்டும் நிதியில் எந்த மாநிலமும் 54 சதவீதத்துக்கு மேல் பெறக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். சேதத்தில் மிகப் பெரிய பங்கு லூசியானாவுக்கு என்பதால் இந்த வரம்பு யாரைக் கடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

யாருமே ஒழுங்காக வேலை செய்யவில்லையா?

கடலோரக் காவல்படை செய்தது. மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் திங்கட்கிழமையே இறங்கி 33,000க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. மாநில வனவிலங்கு மீன்வளத் துறையின் படகுகளும், சொந்தப் படகைக் கொண்டுவந்த சாதாரண மக்களும் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். நிவாரணப் பணியில் பிரவுனின் இடத்துக்கு வந்து நிலைமையைச் சீராக்கிய தாட் ஆலனும் அந்தக் காவல்படைக்காரர்தான்.

இந்தியாவும் இலங்கையும் உதவி அனுப்பினவா?

ஆம். சுனாமி அடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்திய விமானப்படை விமானம் ஒன்று 25 டன் நிவாரணப் பொருட்களுடன் ஆர்கன்ஸா மாநிலத்தில் போய் இறங்கியது. இந்தியா செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50 லட்சம் டாலரும் கொடுத்தது. இலங்கை, தன் கடற்கரையே சிதைந்து கிடந்த நிலையில், 25,000 டாலர் கொடுத்தது. பல நாடுகள் கொடுத்ததை வாங்கிப் பயன்படுத்தவே அமெரிக்காவிடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல், அதில் கணிசமானது வீணானது.

தேர்தலில் யார் விலை கொடுத்தார்கள்?

பிளாங்கோ 2007இல் மறுபடி நிற்கவே இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர் பஞ்சாபி வம்சாவளியான பாபி ஜிந்தால். புஷ்ஷின் செல்வாக்கு கத்ரினாவுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. நேகின் மட்டும் 2006இல் மறுபடி ஜெயித்தார், பிறகு 2014இல் லஞ்ச வழக்கில் பத்து வருடச் சிறைத் தண்டனை பெற்றார்.

சுவர் உடைந்ததற்கு நஷ்டஈடு கிடைத்ததா?

மத்திய அரசிடம் இருந்து நீதிமன்றத்தின் மூலம் இல்லை. வெள்ளத் தடுப்புப் பணிகளால் வரும் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பில்லை என்று 1928ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீதிபதி ஸ்டான்வுட் டுவால், படையின் தவறுகளைக் கடுமையாகச் சாடிவிட்டு, சட்டம் தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று 2008இல் கால்வாய் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கப்பல் கால்வாய் ஒன்றைப் பராமரிக்காமல் விட்ட வழக்கில் அவரே 2009இல் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அதையும் ரத்து செய்தது.

இப்போது அந்த நகரம் பாதுகாப்பாக இருக்கிறதா?

முன்பைவிட நிச்சயமாக. சுமார் 14.5 பில்லியன் டாலர் செலவில் சுவர்களையும் மதகுகளையும் பம்புகளையும் புதிதாகக் கட்டினார்கள். கட்டியது அதே ராணுவப் பொறியாளர் படை. கத்ரினா வந்த அதே தேதியில், 2021 ஆகஸ்ட் 29 அன்று, அதைவிட வலுவான காற்றோடு ஐடா புயல் வந்தபோது அந்த அமைப்பு தாங்கியது. மின்சாரம் போய் நகரமே நாள்கணக்கில் வெந்தது, ஆனால் சுவர் உடையவில்லை. நிலம் தாழ்ந்துகொண்டே போவதாலும் கடல் உயர்வதாலும் சுவர்களை மறுபடி உயர்த்த வேண்டும் என்று வேலை முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் படை சொல்லிவிட்டது. அதற்கான பணத்தை ஒவ்வொரு வருடமும் வாஷிங்டனில் ஓட்டுப் போட்டுத்தான் ஒதுக்க வேண்டும்.